சிரிக்காத பிள்ளை யார் என்று கேளுங்கள்

கேள்வி: நாங்கள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம். வீட்டில் எருமை வளர்த்துத் தயிர் போட்டுக் கொடுக்கிறோம். கணவர் கட்டாரில். மகன் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து தரம் 6இல் டவுன் பாடசாலை ஒன்றில் சேர்ந்தான். இப்போது தரம் 8. இந்தத் தவணை தொடங்கியதிலிருந்து திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். டொக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். போன கிழமை அவன் தூங்கும்போது போனைத் திறந்து பார்த்தேன். தமிழ்ப் பாடத்தில் அவன் எழும்பிப் பேசியதை யாரோ களவாக வீடியோ எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் பிறகு என்பதற்கு ‘மறுகா, மறுகா’ என்று சொல்லும் இடத்தை மட்டும் வெட்டி, வாய் திறந்திருக்கிற முகத்தை ஸ்டிக்கராக்கி, அதன் மேல் ‘தயிர்முட்டி’ என்று எழுதி, பொடியன்களின் வட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். பிள்ளை என்ன எழுதினாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர்தான் வருகிறது. வகுப்பு டீச்சருக்கு எடுத்துச் சொன்னேன். “பகிடிக்குச் செய்யிறாங்க அம்மா, பள்ளிக்கு வெளியில நடக்கிறதுக்கு நாங்க என்ன செய்யிற” என்றார். கணவர் “திருப்பி ரெண்டு குடுக்கச் சொல்லு” என்கிறார். மகன் ஊர்ப் பள்ளிக்கே மாத்திவிடுங்க என்று அழுகிறான். போனைப் பறித்து வைக்கவா, பள்ளியை மாற்றவா, பொலிசுக்குப் போகவா? இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறொரு பிள்ளையின் படத்தில் செய்த ஸ்டிக்கரை என் மகனும் அனுப்பியிருக்கிறான்.

— ஒரு தாய், மட்டக்களப்பு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் வெட்கப்பட்டு எழுதிய அந்த விஷயத்தை நீங்கள் மறைக்காமல் விட்டது பெரிய உதவி. அது தெரியாவிட்டால் நான் சொல்வதில் பாதி பிழைத்திருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வயிற்றுவலி. அது நடிப்பில்லை. டொக்டர் ஒன்றுமில்லை என்றது, வயிற்றில் நோய் இல்லை என்ற அர்த்தத்தில்தான். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. பயமும் பதற்றமும் கூடினால் குடலின் இயக்கமே மாறும், உண்மையாகவே வலிக்கும், சில பிள்ளைகளுக்குக் காலையில் குமட்டும். வெள்ளி பின்னேரம் சுகமாகி, ஞாயிறு இரவு திரும்பத் தொடங்குகிற வலியென்றால் அதன் காரணத்தைப் பள்ளிக்கூடத்தில்தான் தேட வேண்டும். ஆகவே “சாட்டுச் சொல்லாத” என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. வல்லாரையோ ஓமத் தண்ணியோ கொடுப்பது உங்கள் விருப்பம், அதில் ஒன்றும் பிழையில்லை. நம்புகிறீர்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

இது பகிடியா, இல்லையா? டீச்சர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். பதின்மூன்று வயதில் பொடியன்கள் ஒருவரையொருவர் நக்கலடிக்காமல் ஒரு இடைவேளையைக் கழிக்கமாட்டார்கள். அதில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும். பள்ளிக்கூடத் துன்புறுத்தலை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவர்களில் ஒருவரான டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் இடையில் பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதுதான் பகிடியையும் துன்புறுத்தலையும் பிரிக்கிற கோடு. உங்கள் மகன் அதே மாதிரி ஒரு ஸ்டிக்கரை அவர்களுக்குத் திருப்பிப் போட்டால் அந்தக் குரூப் அவனோடு சேர்ந்து சிரிக்குமா? சிரிக்காது என்றால் அது பகிடியில்லை. வகுப்பில் அநேகமானோர் டவுன் பிள்ளைகள், இவன் மட்டும் பாலம் கடந்து பஸ்ஸில் வருகிறவன். பலம் எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையே இல்லை.

இணையத்தில் வந்தால் ‘திரும்பத் திரும்ப’ என்பதும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒருவன் ஒரு தடவைதான் போட்டிருப்பான். ஆனால் முப்பது பேர் அதை எடுத்து வைத்துக்கொண்டு நினைத்தபோதெல்லாம் அனுப்பலாம். முன்பெல்லாம் வகுப்பில் நடந்தது மணி அடித்ததும் முடிந்தது, வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதல். இப்போது அது பாயில் படுத்திருக்கும்போதும் தலையணைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இந்தக் கதையில் நான் பார்க்கிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படுவான்கரைப் பிள்ளையைக் கேலி செய்யப் பொடியன்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் பெரியவர்கள் வாயிலிருந்து வருவதைத்தான் அவர்கள் ஸ்டிக்கராக்கியிருக்கிறார்கள். கந்தோர்களிலும் கல்யாண வீடுகளிலும் “அங்கால இருந்து வந்த ஆக்கள்” என்று சொல்லும்போது வருகிற அந்தச் சின்னச் சிரிப்பு எல்லோருக்கும் தெரியும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபிறகு வாவியைக் கடக்க ஓடத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல் போய்விட்டது, ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பாலம் போதவில்லை. இத்தனைக்கும் டவுன் ஆட்கள் விருந்தாளிக்கு வைக்கிற தயிர் உங்கள் பக்கத்திலிருந்துதான் போகிறது. இதை மகனுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, பதின்மூன்று வயதில் அந்தப் பெருமை ஒன்றுக்கும் உதவாது. “உன்னில ஒரு குறையும் இல்ல மனே, அவங்கட வீட்டில கதைக்கிறத அவங்க இஞ்ச கொண்டு வந்து கொட்டுறாங்க” என்று சொன்னால் கொஞ்சம் உதவும்.

சரி, போன். பறிக்காதீர்கள். துன்புறுத்தப்படும் பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லாமல் விடுவதற்கான முக்கிய காரணங்களில் ஒன்று, சொன்னால் போன் போய்விடும் என்ற பயம். பறித்தால் அவனுக்கு நீங்கள் கொடுக்கிற செய்தி, அடி வாங்கியவனுக்குத்தான் தண்டனை என்பது. அதோடு, போன் இல்லாவிட்டாலும் குரூப்பில் ஸ்டிக்கர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அடுத்த நாள் வகுப்பில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இவன் நிற்பான். அது இன்னும் கொடுமை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, சமையலறையில் சார்ஜில் கிடக்கட்டும். அந்த ஒரு விதி போதும்.

நீங்கள் களவாகப் பார்த்தது அவனுக்குத் தெரியுமா என்று எழுதவில்லை. தெரியாவிட்டால் நீங்களே சொல்லுங்கள். எப்படியும் பள்ளியில் பேசப் போகிறீர்கள், அப்போது அவனுக்குத் தெரியவரும், அது இன்னும் மோசம். முகத்துக்கு முகம் உட்கார வைத்து விசாரணை மாதிரி வேண்டாம். முட்டி கழுவும்போதோ மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதோ பக்கத்தில் வந்து நிற்பானல்லவா, அப்போது பேசுங்கள். பொடியன்கள் கண்ணைப் பார்க்கத் தேவையில்லாத இடத்தில்தான் வாய் திறப்பார்கள். “உன்ர போன நான் பாத்துப் போட்டன். பயத்தில பாத்தன், இனிக் கேக்காமப் பாக்க மாட்டன். போன எடுக்கவும் மாட்டன். உன்னக் கேக்காம பள்ளிக்கும் போக மாட்டன்” என்று சொல்லுங்கள். அப்புறம் நிறுத்திவிடுங்கள். அவன் உடனே ஒன்றும் சொல்லாமல் போனால் போகட்டும், இரண்டு நாள் கழித்து வருவான். வரும்போது “நீ என்ன செய்தாய் அவங்க இப்பிடிச் செய்யிறதுக்கு” என்ற கேள்வி மட்டும் வரக் கூடாது.

இதற்கிடையில் ஆதாரத்தைச் சேர்க்க வேண்டும். கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறுவதும் எல்லாவற்றையும் அழிப்பதும்தான் அநேகம் பேர் முதலில் செய்வது. வெளியேறுவதற்கு முன்னால் ஸ்கிரீன் ஷொட் எடுங்கள். நாளும் நேரமும் அனுப்பியவரின் இலக்கமும் தெரிய வேண்டும். குரூப்பில் வைத்திருக்கிற பெயர் ‘சிங்கம்’, ‘டொன்’ என்றெல்லாம் இருக்கும், அதைத் தொட்டால் இலக்கம் வரும், அதையும் ஒரு படம் எடுங்கள். சில குரூப்பில் செய்திகள் 24 மணித்தியாலத்திலோ ஏழு நாளிலோ தானாக மறையும்படி வைத்திருப்பார்கள், ஆகவே இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வகுப்பில் நேரில் நடப்பதை ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி போட்டு இரண்டு இரண்டு வரியாக எழுதி வையுங்கள்: எந்த நாள், எந்தப் பாடவேளை, யார் என்ன சொன்னது, பக்கத்தில் யார் இருந்தது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உடுப்பில்லாத படம், குளியலறைப் படம் என்று ஏதாவது இருந்தால் அதைப் பிரதி எடுக்கவோ டீச்சருக்கு அனுப்பவோ வேண்டாம், நல்ல நோக்கத்தில் அனுப்பினாலும் அது பிள்ளையின் படத்தைப் பரப்புவதுதான். அப்படியானால் நேரே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவையும் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் அப்படியான படத்தை, அதை எங்கும் அனுப்பாமலேயே, உங்கள் போனிலேயே ஒரு அடையாள எண்ணாக மாற்றி, பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களில் அது வந்தால் அகற்றச் செய்வார்கள். உங்கள் மகன் விஷயத்தில் இது தேவைப்படவில்லை. படிக்கிற வேறு தாய்மாருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. உங்கள் கடிதத்தில் ஸ்டிக்கர் செய்தவன் மேல்தான் கோபம் முழுக்க இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் அவனை மட்டும் பிடித்தால் இது நிற்காது. அந்த ஸ்டிக்கர் இப்போது முப்பது போனில் சேமித்துக் கிடக்கிறது. குரூப்பில் அழித்தாலும் அவர்கள் எடுத்து வைத்த பிரதி அழியாது. அதை ஒவ்வொரு போனாகப் போய்ப் பிடுங்க உங்களாலும் முடியாது, அதிபராலும் முடியாது. அது செத்துப் போவதற்கு ஒரே வழி, அதைப் போட்டால் யாரும் சிரிக்காமல் இருப்பது.

பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற உளவியலாளரும் குழுவினரும் வகுப்புகளைக் கவனித்துப் பார்த்ததில், துன்புறுத்தல் என்பது இரண்டு பேருக்கு இடையில் நடப்பதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டினார்கள். செய்கிறவன் ஒருவன். அவனுக்குக் கை கொடுக்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர். சிரித்து ஏற்றிவிடுகிறவர்கள் பலர். பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறவர்கள் அதைவிடப் பலர். படுகிறவனுக்காகப் பேசுகிறவர்களும் சிலர் உண்டு. அந்த நாட்டின் ‘கிவா’ என்ற பாடசாலைத் திட்டம் இந்தக் கண்டுபிடிப்பின் மேல் கட்டப்பட்டதுதான், அது பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளைக் குறிவைக்கிறது. கனடாவில் விளையாட்டு மைதானங்களில் படம்பிடித்துச் செய்த ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. பெரும்பாலான சம்பவங்களில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள். ஆனால் ஐந்தில் ஒரு சம்பவத்தில்கூட யாரும் தலையிடவில்லை. தலையிட்ட இடங்களில் பாதிக்கு மேல் பத்து விநாடிக்குள் நின்றுவிட்டது. பத்து விநாடி! ஆசிரியர் கூட்டம் வைத்து, பெற்றோரைக் கூப்பிட்டு, கடிதம் வாங்கி இரண்டு மாதத்தில் நடக்காததை ஒரு பொடியன் “சரி, விடு மச்சான்” என்று சொல்லிச் செய்துவிடுகிறான்.

ஆகவே மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி, யார் செய்தது என்பதல்ல. அந்தக் குரூப்பில் யார் அந்த ஸ்டிக்கரை ஒருதரமும் போடவில்லை? யார் அதற்குச் சிரிக்கிற முகம் போடவில்லை? வகுப்பில் அவன் பக்கத்தில் வந்து இருக்கிறவன், கணக்குக் கொப்பி கேட்கிறவன், பஸ் ஹோல்டிங் வரை கூட வருகிறவன் யார்? நிச்சயம் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பயத்தில் பேசாமல் இருப்பவர்களை எதிரிகளோடு சேர்த்து எண்ணிவிடுவது படுகிற பிள்ளையின் இயல்பு. முப்பது பேரும் எனக்கு எதிர் என்று அவன் நினைக்கிறான், உண்மையில் நாலு பேர்தான். மற்றவர்களெல்லாம் அடுத்த ஸ்டிக்கர் தங்களுடையதாகிவிடக் கூடாதே என்று சிரிக்கிறார்கள். அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வாவியில் தூண்டில் போடட்டும், மாட்டுப் பட்டியைப் பார்க்கட்டும், தயிரும் பாணியும் கொடுத்து அனுப்புங்கள். பிரச்சினையைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வகுப்பில் ஒருவன் பக்கத்தில் இருந்தாலே துன்புறுத்துகிறவனுக்குத் துணிச்சல் குறையும்.

பள்ளியிடம் எப்படிப் போவது? போனில் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அவர்களும் எடுக்கவில்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். திகதி போட்டு, நடந்ததை வரிசையாக, ஸ்கிரீன் ஷொட் பிரதிகளோடு, வகுப்பாசிரியருக்கு ஒன்று, அதிபருக்கு ஒன்று. ஒரு பிரதியில் கிடைத்ததென்று கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையொப்பம் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரையும் சந்தியுங்கள்.

‘பள்ளிக்கு வெளியில்’ என்ற பேச்சுக்கு உங்களிடம் பதில் இருக்கிறது. அந்த வீடியோ எங்கே எடுத்தது? வகுப்பறையில், பாட நேரத்தில், ஒரு ஆசிரியர் முன்னால் நிற்கும்போது. வகுப்புக்குள் போன் எப்படி வந்தது? அடுத்த நாள் அதை வைத்துச் சிரித்தது எங்கே? இதைச் சண்டைக் குரலில் கேட்க வேண்டாம். சாதாரணமாகக் கேட்டாலே போதும், அது அங்கே உறைக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள், “நடவடிக்கை எடுங்கள்” என்று பொதுவாக விட்டால் மூன்று பிழையான காரியங்களில் ஒன்று நடக்கும். முதலாவது, அதிபர் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் “தரம் 8இல் ஒரு பிள்ளையைச் சிலர்...” என்று தொடங்குவார், முழுப் பள்ளியும் திரும்பி உங்கள் மகனைப் பார்க்கும். இரண்டாவது, அந்தப் பொடியனையும் உங்கள் மகனையும் கந்தோருக்குக் கூப்பிட்டு, இருவரையும் கை கொடுக்க வைத்து அனுப்புவார்கள். சமமான இரண்டு பேர் சண்டை பிடித்தால் அது சரி. ஒருவன் அடித்து ஒருவன் வாங்கியிருந்தால் அந்தக் கை கொடுத்தல், வாங்கியவனையும் குற்றத்தில் பங்காளியாக்கிவிடும். வெளியே வந்ததும் அவன் காதுக்குள் என்ன சொல்வான் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாவது பிரம்பு. உடல் தண்டனை கல்வி அமைச்சின் சுற்றறிக்கையால் தடை செய்யப்பட்டது, அது ஒருபுறம் இருக்கட்டும். அடி வாங்கியவனுக்குப் பழி உங்கள் மகன் மேல்தான் திரும்பும்.

கேட்க வேண்டியது இவை. ஸ்டிக்கர் செய்தவனையும் கூடவே நின்ற இரண்டு மூன்று பேரையும் தனித்தனியாக, ஒரே நாளில், ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொள்ள நேரம் கிடைக்காமல் அழைத்துப் பேச வேண்டும். பெற்றோரையும் தனித்தனியாக. அந்தக் குரூப்பின் அட்மின்கள் யாரென்று பார்த்து அவர்களிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும், குரூப்பில் யார் போட்டதையும் அட்மின் எல்லோருக்குமாக அழிக்கலாம் என்பது பொடியன்களுக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் இருக்கை மாற்றும்போது உங்கள் மகனை மட்டும் எழுப்பி மாற்றாமல் முழு வகுப்பையும் மாற்ற வேண்டும். இடைவேளையில் மலசலகூடப் பக்கமும் விடும்போது வாசலிலும் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும், துன்புறுத்தல் நடப்பது பெரியவர்கள் கண் படாத இடங்களில்தான். இரண்டு கிழமை கழித்து வகுப்பாசிரியர் மகனைத் தனியாகக் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போக முடிந்தால் அங்கே உங்கள் மகனின் பெயரை எடுக்காமல் ஒன்றைக் கேளுங்கள்: பெற்றோர் ஒரு கூட்டத்தில் தரம் 6, 7, 8 பிள்ளைகளின் குரூப்களைப் பற்றி மட்டும் பேசலாமா என்று. வட்ஸ்அப்புக்கே குறைந்த வயது 13. தரம் 6 பிள்ளைகளுக்குக் குரூப் திறந்து கொடுத்தது கொரோனா காலத்தில் நாங்கள்தான், பாடம் அனுப்ப. பாடம் முடிந்தது, குரூப் அப்படியே இருந்தது, பெரியவர்கள் வெளியே வந்துவிட்டோம். நவம்பர் மாத முதல் வியாழக்கிழமை பாடசாலைத் துன்புறுத்தலுக்கு எதிரான சர்வதேச நாளாக யுனெஸ்கோ 2020இலிருந்து கடைப்பிடிக்கிறது. அன்றைக்கு வாசலில் ஒரு பதாகை கட்டிவிட்டு மறுநாள் கழற்றுவதைவிட, தரம் 8 பிள்ளைகளே உட்கார்ந்து தங்கள் குரூப்புக்கு நாலு விதி எழுதினால் அது வேலை செய்யும்.

கணவர் சொன்னது. தூரத்தில் இருக்கிற தகப்பனுக்கு வேறு என்னதான் சொல்ல வரும்? பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க முடியாத கோபம் அது. அவரோடு வாதாட வேண்டாம். ஆனால் இவன் அடித்தால், ஒழுக்காற்றுக் குழுவின் முன் நிற்கப் போவது இவன்தான், ஸ்டிக்கர் செய்தவன் நல்ல பிள்ளையாகிவிடுவான். அதையும் யாராவது வீடியோ எடுப்பான். இதைச் சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் அவரும் கையெழுத்திட்டுப் படம் அனுப்பட்டும். கிழமைக்கு இரண்டு நாள் மகனோடு வீடியோ கோலில் வந்து, இந்தப் பேச்சையே எடுக்காமல், கிரிக்கெட்டோ கட்டார்க் கதையோ பேசட்டும். ‘ஆம்பிளப் பிள்ளை அழக் கூடாது’ என்பதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்தால் பெரிய உபகாரம்.

இப்போது அந்த வெட்கத்துக்கு வருவோம். உங்கள் மகன் இன்னொரு பிள்ளையின் ஸ்டிக்கரை அனுப்பியது அவன் கெட்டவன் என்பதால் அல்ல. அந்தக் குரூப்பில் ஒருவன் தப்பிக்க ஒரு வழிதான் இருக்கிறது, தன்னைவிடக் கீழே ஒருவனைக் காட்டுவது. கொஞ்ச நேரத்துக்கு எல்லோருடைய கண்ணும் அங்கே போகும், இவனுக்கு மூச்சு வரும். இது எவ்வளவு சாதாரணம் என்றால், துன்புறுத்தலை ஆராய்கிறவர்கள் இப்படி இரண்டு பக்கமும் நிற்கிற பிள்ளைகளைத் தனி வகையாகவே பார்க்கிறார்கள். அவர்களுக்குத்தான் பெரும்பாலும் மனப் பாதிப்பு அதிகம் என்றும் கண்டிருக்கிறார்கள். ஆனால் சாதாரணம் என்பதற்காக விட்டுவிட முடியாது. பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் இதையும் ஒரு வரி எழுதுங்கள் என்றால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் மற்றப் பக்கத்துப் பெற்றோர் அதை ஸ்கிரீன் ஷொட்டோடு கொண்டு வருவார்கள், அப்போது உங்கள் முறைப்பாடு முழுதும் சரிந்துவிடும்.

மகன் என்ன செய்ய வேண்டும்? வட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம், அதற்குள் என்றால் அழிக்கட்டும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பிள்ளையிடம் நேரில் போய், தனியாக, “உன்ர படத்த நான் போட்டது பிழை, இனிப் போட மாட்டன்” என்று சொல்வது. குரூப்பில் எழுதுவதல்ல. இரண்டு வசனத்துக்கு மேல் வேண்டாம், விளக்கம் வேண்டாம், ‘அவங்கள் எனக்குச் செய்தாங்கள் அதால’ என்பது வேண்டவே வேண்டாம். நீங்கள் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகாதீர்கள், எப்போது சொல்வது என்பதை அவனே தீர்மானிக்கட்டும். அந்தப் பிள்ளை மன்னிக்காமலும் போகலாம். ஆனால் நான் மேலே கேட்கச் சொன்ன கேள்விக்கு, யார் சிரிக்கவில்லை என்பதற்கு, விடையாக வரக்கூடியவர்களில் அவனும் ஒருவன். ஒரே குரூப்பில் ஒரே மாதிரி அடி வாங்குகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாமல் விட்டாலே கணக்கு மாறிவிடும்.

பள்ளி மாற்றம் பற்றி. மாற்றுவது தோல்வி என்று நினைக்கிறவர்களோடு நான் இல்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் சரியான மருந்து. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போது எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது. அதோடு வட்ஸ்அப்புக்கு விடுகைப் பத்திரம் தேவையில்லை, அந்த ஸ்டிக்கர் ஊர்ப் பள்ளிக்கு இவனுக்கு முன்னாலேயே போய்ச் சேரும். “இந்தத் தவணை முடியும்வரை நாங்க எல்லாரும் சேந்து பாப்பம். அப்பவும் உனக்கு ஏலாதெண்டா மாத்துவம்” என்று சொல்லுங்கள், சொன்னால் அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். வெளியே போக ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு உள்ளே இருக்கிற தைரியம் வரும்.

பொலிஸ்? இந்தக் கட்டத்தில் வேண்டாம். செய்தவனும் பதின்மூன்று வயதுப் பிள்ளைதான். நம் நாட்டுச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் அந்தப் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்துத்தான் எதுவும். ஆனால் காசு கேட்டு மிரட்டுதல், ஆயுதம் காட்டுதல், பாலியல் படம், பெரியவர் யாராவது பின்னால் இருப்பது, இவற்றில் ஒன்று வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் பொலிஸ் நிலையத்தில் உள்ள சிறுவர் மற்றும் மகளிர் பிரிவுக்குப் போங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக எடுக்கலாம், தமிழிலேயே பேசலாம், பிள்ளையே எடுத்தும் பேசலாம். அந்த இலக்கத்தை மகனின் போனில் பதிந்து வையுங்கள்.

இன்னொன்றை மட்டும் ஒத்திப் போட வேண்டாம். மகன் சாப்பாட்டை விட்டால், இரவில் தூங்காமல் கிடந்தால், தனக்குப் பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்தால், “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்ற மாதிரிப் பேசினால், கையில் கீறிக்கொண்ட அடையாளம் கண்டால், நேரடியாகவே கேளுங்கள்: “சாக வேணும் எண்டு யோசிச்சியா மனே?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, அது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஓம் என்றால், அல்லது பதில் சொல்லாமல் அழுதால், அவனைத் தனியே விடாமல், வயலுக்கு அடிக்கிற நாசினிப் போத்தல் வீட்டில் இருந்தால் அதை அன்றைக்கே அப்புறப்படுத்திவிட்டு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், அங்கே உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன்னால் பேச வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. ‘விசர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க’ என்று ஊர் பேசுமே என்று நினைக்காதீர்கள்.

கடிதம் கொடுத்து இரண்டு கிழமையில் பள்ளி ஒன்றும் செய்யாவிட்டால், கையொப்பம் வாங்கிய அந்தப் பிரதியோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். இதில் அலைக்கழிவது வழமை, அதனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இருப்பது மட்டக்களப்பு மேற்கு வலயத்தில் என்றாலும், முறைப்பாடு பாடசாலையைப் பற்றியது, அந்த டவுன் பாடசாலை மட்டக்களப்பு வலயத்துக்குரியது, ஆகவே அங்கேதான் கொடுக்க வேண்டும். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சந்திக்கிறதென்றால் நீங்கள் வசிக்கிற பக்கத்துப் பிரதேச செயலகத்துக்குப் போகலாம், அதற்கு டவுனுக்கு வரத் தேவையில்லை. போவதற்கு முன்னால் போனில் எடுத்து அன்றைக்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.